எழுத்தில்லாத எண்கோணம்

2022 ஜூலையில் பெற்றோலுக்குக் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்தது. வாகன இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பதிந்தால் காருக்கு வாரம் 20 லீற்றர். அப்பா இறந்து அப்போது எட்டு மாதம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டோடு ஒட்டிய ஒழுங்கையில், தறப்பாளுக்குக் கீழே நின்ற அவருடைய சிவப்பு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரையும் பதிந்துவிடுவோம் என்று அலுமாரியைத் திறந்து பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். அதில் எம்.ஜி. என்று எங்கும் இல்லை. ட்ரையம்ப் ஹெரால்ட் என்று இருந்தது.

இரண்டு இருக்கை, கூரையில்லாத உடல், நீண்ட ஒடுங்கிய பொனட், முன் சக்கரத்தில் எழுந்து மிதிபலகை வரை வழிந்து இறங்கும் மட்கார்ட்கள், முதுகில் கட்டித் தொங்கவிட்ட மேலதிகச் சக்கரம். ஒழுங்கையில் எல்லோருக்கும் அது எம்.ஜி.தான். பள்ளி நண்பர்களுக்கு வழி சொல்லும்போதுகூட 'எம்.ஜி. நிற்கிற வீடு' என்றுதான் சொல்வேன். ஹெரால்ட் என்றால் நான்கு பேர் அமரும் சாதாரணக் குடும்பக் கார். கொழும்பில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்று நின்றது. இரண்டுக்கும் என்ன உறவு?

அம்மாவிடம் கேட்டேன். "அப்பா ஒரு நாளும் அதை எம்.ஜி. என்று சொன்னதில்லை மகன். ஊர்தான் சொன்னது. அவர் திருத்தவுமில்லை" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அப்பாவுக்கு அது எப்போதும் வெறும் 'கார்'.

அன்று பின்னேரம் தறப்பாளை விலக்கி, முப்பது வருடமாகப் பார்த்த காரை முதல் தடவையாகப் பார்த்தேன். எம்.ஜி.யின் முத்திரை எண்கோணம். அதற்குள் இரண்டு ஆங்கில எழுத்துகள். எங்கள் காரின் ரேடியேட்டர் முகப்பின் நெற்றியிலும் எண்கோணம் இருக்கிறது. பித்தளையில் வெட்டி, ஓரங்களை அரம் போட்டு மழமழப்பாக்கி, இரண்டு சின்னத் திருகாணிகளால் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. எழுத்து தேய்ந்து போனதாக நான் நினைத்திருந்தேன். விரல் நுனியால் தடவினேன். எதுவும் தேயவில்லை. அங்கே எழுத்து வெட்டப்படவேயில்லை.

அதைச் செய்தவரின் பெயர் தெரியாமல் இனி இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது அந்த நேரத்தில்தான்.

பழைய கார்களில் ஊறிய நண்பர் ஒருவர் பாணந்துறையிலிருந்து வந்தார். காரைச் சுற்றி நடப்பதற்கு முன்பே இலக்கத் தகட்டைக் காட்டினார். "இதைப் பாருங்கள். சிங்கள ஸ்ரீ."

வடிவத்தில் எங்கள் கார் எம்.ஜி. டி.எஃப். மாதிரிக்கு நெருக்கம். முன்விளக்குகள் மட்கார்டோடு இணைந்து புதைந்திருக்கும், ரேடியேட்டர் முகப்பு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இங்கிலாந்தின் ஏபிங்டன் தொழிற்சாலையில் 1953 முதல் 1955 வரை ஏறக்குறைய 9,600 டி.எஃப். கார்கள் செய்யப்பட்டன. புதிதாக அப்போது இலங்கைக்கு வந்து பதியப்பட்ட ஒன்றென்றால் அதன் தகட்டில் ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டும். சிங்கள ஸ்ரீ தகட்டுக்கு வந்தது 1957இல். தமிழ் வாசகர்களுக்கு அந்த ஆண்டை நினைவூட்டத் தேவையில்லை. தமிழரசுக் கட்சியின் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம், அடுத்த வருடம் அது பரவிய விதம், தகடுகளில் தார் பூசியது, அதன் பின் வந்த கலவரம். அப்பாவின் தலைமுறைக்கு அது ஒரு எழுத்தாக மட்டும் இருந்ததில்லை. அந்த எழுத்தே இப்போது எனக்குச் சாட்சி சொன்னது. இந்தத் தகட்டோடு முதல் நாளில் தெருவில் இறங்கியது டி.எஃப். ஆக இருக்க வாய்ப்பில்லை.

பிறகு நண்பர் பொனட்டைத் திறந்து இரண்டு ஸ்பேனர்களை எடுத்தார். அந்த அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். எம்.ஜி. டி வரிசையின் 1,250 சி.சி. எஞ்சினுக்கு ஒரு விசித்திரம் உண்டு. போல்ட்களின் தலை பிரித்தானிய விட்வொர்த் அளவு, ஆனால் மரை மெட்ரிக். மொறிஸ் எஞ்சின் தொழிற்சாலை முன்பு ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது. அங்கிருந்து வந்த பழக்கம் அது. விட்வொர்த் ஸ்பேனரை ஒரு நட்டில் வைத்தார், ஆடியது. அரை அங்குல ஸ்பேனரை வைத்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த நட்டிலும் அப்படியே. எஞ்சின் உடலில் ஒரு மூலையில் அடித்திருந்த இலக்கம் ஜீ.ஏ. என்று தொடங்கியது. ஹெரால்ட் 1200க்கு உரிய அடையாளம் அது, 1961க்குப் பிந்தையது.

பின்பக்கத்தை ஜாக் வைத்துத் தூக்கினோம். இரண்டு சக்கரங்களும் கீழே தொங்கி, கால்களை மடக்கும் கொக்கைப் போல உள்ளே சாய்ந்தன. எம்.ஜி.யின் பின் அச்சு ஒரே தண்டு. அது இப்படி மடங்காது. ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும், குறுக்கே ஒரே ஒரு வில்லுப்பட்டை. கடைசியாக அளவு நாடா. டி.எஃப்.பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 94 அங்குலம். எங்களுடையது தொண்ணூற்றொன்றரை. ஹெரால்டின் கணக்கு அதுவே.

ஒழுங்கையின் முட்டில் அப்பா ஒரே திருப்பில் காரைத் திருப்புவார். சின்ன வயதில் அதை அவருடைய கைத்திறமை என்று பெருமைப்பட்டிருக்கிறேன். ஹெரால்ட் 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் கார், அதற்காகவே பேர்போனது. அப்பாவின் திறமையையும் நான் குறைக்க மாட்டேன். அந்த முட்டில் இன்றைக்கும் முச்சக்கர வண்டிக்காரர்கள் இரண்டு தடவை முன்பின் எடுக்கிறார்கள்.

ஏன் ஹெரால்ட் என்பதும் பிறகு விளங்கியது. 1959இல் அது சந்தைக்கு வந்தபோது மற்றச் சின்னக் கார்கள் பலவற்றில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகிவிட்டிருந்தன. மொறிஸ் மைனரின் உடலை வெட்டி எடுத்தால் மிஞ்சுவதற்கு அங்கே கார் இல்லை. ஹெரால்டில் செசி தனி, உடல் தனி. போல்ட்களைக் கழற்றி உடலைத் தூக்கிவிட்டால், எஞ்சினும் சக்கரமும் ஸ்டியரிங்கும் உள்ள எலும்புக்கூடு ஓடும் நிலையிலேயே நிற்கும். அதன்மேல் எதை வேண்டுமானாலும் கட்டலாம். இங்கிலாந்திலேயே 1970களில் ஸ்பார்ட்டன், ஜென்ட்ரி போன்றவை இதே செசியின்மேல் பழைய எம்.ஜி. போன்ற உடல்களைக் கட்டிக்கொள்ளும் தொகுதிகளாக விற்கப்பட்டன.

முதலில் என் சந்தேகமும் அங்கேதான் போனது. மலைநாட்டுத் தோட்டத் துரை யாராவது அப்படியொரு தொகுதியைக் கப்பலில் கொண்டுவந்திருப்பாரோ? நண்பர் மட்கார்டைச் சுண்டிப் பார்த்தார். அந்தத் தொகுதிகளின் மட்கார்ட் கண்ணாடியிழை. எங்களுடையது இரும்பு. இன்னொருவர் இது மெட்ராஸ் வேலை என்று அடித்துச் சொன்னார். ஸ்டாண்டர்ட் நிறுவனம் அங்கே 1961இலிருந்து ஹெரால்ட் செய்தது உண்மை. ஆனால் இந்திய ஹெரால்டின் எஞ்சின் கடைசி வரைக்கும் 948 சி.சி. எங்கள் எஞ்சினின் தலையைக் கழற்றியபோது சிலிண்டரின் விட்டத்தை அளந்தோம். 69 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. 1,147 சி.சி. எஞ்சின்தான்.

ஆக, கார் கொவென்ட்ரியிலிருந்து ஹெரால்டாக வந்து இறங்கியிருக்கிறது. இந்த உடல் வேறெங்கோ, யாரோ செய்தது.

காகிதங்கள் இருந்திருந்தால் வேலை சுலபம். பழைய பதிவுப் புத்தகங்களில் உரிமையாளர்களின் பெயர் வரிசையாக ஏறியிருக்கும். எங்கள் புத்தகம் பிரதி. அதில் அப்பாவின் பெயர் மட்டும்தான். மூலப் புத்தகம் 1983 ஜூலையில் வீட்டோடு எரிந்தது. கார் அந்த வாரம் நுகேகொடையில் ஒரு கராஜில் பெயின்டுக்கு நின்றதால் தப்பியது. அகதி முகாமிலிருந்து திரும்பிய பிறகு எங்கள் குடும்பத்துக்கு மிஞ்சிய பெரிய பொருள் அது ஒன்றுதான் என்று அம்மா சொல்வார். நான் அப்போது பிறக்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமையுமில்லை.

மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்துப் பழைய பதிவின் சாரம் ஒன்றைப் பெற்றேன். இரண்டே வரிகள் எனக்குப் பயன்பட்டன. 1963: மூடிய கார், சாம்பல் நிறம். 1972: உடல் மாற்றம், திறந்த கார், சிவப்பு.

1972. நாடு குடியரசாகிப் பெயர் மாறிய வருடம். அந்நியச் செலாவணி இல்லாமல் இறக்குமதி இறுக்கப்பட்டு, சாதாரண மனிதன் புதிய காரை நினைத்தும் பார்க்க முடியாதிருந்த காலம். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்த பின்புதான் பழையவற்றின் விலை விழுந்தது. லிகிதராக இருந்த அப்பாவால் 1981இல் ஹற்றனில் ஒரு தோட்ட உத்தியோகத்தரிடமிருந்து இதை வாங்க முடிந்ததும் அதனால்தான். 1970 முதல் 1977 வரையான அந்த ஏழு வருடத்தைக் கொழும்பின் கராஜ்கள் எப்படிக் கடந்தன என்பதை யாராவது முழுமையாக எழுத வேண்டும். 2020இலிருந்து ஐந்து வருடம் வாகன இறக்குமதி நின்றிருந்தபோது நாங்கள் பட்டது அதில் கால்வாசிகூட இல்லை.

பஞ்சிகாவத்தைக்கு நான்கு தடவை போனேன். உதிரிப்பாகக் கடைகள் இரண்டு பக்கமும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில் எந்தக் காரின் எந்த உறுப்பும் கிடைக்கும் என்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஆள். மூன்று தடவை வெறுங்கையோடு வந்தேன். நான்காவது தடவை, பழைய பிரித்தானியக் கார்களின் சாமான் வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் கைபேசியில் இருந்த படங்களைக் காட்டினேன். எண்பதை நெருங்கியவர். எண்கோணத்தைப் பார்த்தார், அசையவில்லை. மட்கார்டின் உள் விளிம்பைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்.

"தம்பி, இந்த மடிப்பைப் பாருங்கள். கம்பியை உள்ளே வைத்துத் தகட்டைச் சுருட்டியிருக்கிறார். எல்லோரும் செய்வதுதான். ஆனால் கம்பி முடிகிற இடத்தில் வெட்டி விடாமல் வளைத்து உள்ளே சொருகியிருக்கிறார். கை கிழியக் கூடாது என்று. தெமட்டகொடையில் ஒரு பாஸ் இப்படிச் செய்வார்."

"அவர் இருக்கிறாரா நாநா?"

"மௌத்தாகி இருபது வருடம் இருக்கும். அவரிடம் வேலை பழகிய ஒரு பையன் இருந்தான். பையன் என்றால் இப்போது என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவன். கொலன்னாவையில் கேட்டுப் பாருங்கள்."

இடையில் நான் காரைப் பிரிக்கத் தொடங்கியிருந்தேன். இருக்கைகளையும் தரைப் பலகையையும் கழற்றியதும் மரச்சட்டம் தெரிந்தது. எம்.ஜி.யிலும் உடலுக்குள் மரச்சட்டம்தான், ஆனால் அது ஆஷ் என்ற குளிர்நாட்டு மரம். நம் கடற்காற்றில் அது உக்கிக் கொட்டுவதைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். எங்களுடையது தேக்கு. ஐம்பது வருட உப்புக் காற்றிலும் ஒரு மூட்டுக்கூட ஆடவில்லை. இடப்பக்கத் தூணில் நீள்சதுரமாக ஒரு பள்ளம், அதை மரத்துண்டு வைத்து நிரப்பி இழைத்திருந்தார்கள். பிணைச்சல் இருந்த பள்ளம் அது. ஏதோ பழைய வீட்டின் கதவு நிலை எங்கள் காராகியிருக்கிறது. வளைவான உறுப்புகளின் மறைவுப் பக்கத்தில் பென்சிலால் அங்குலக் கணக்கு. பக்கத்திலேயே தமிழில் 'இட', 'வல'. அதே துண்டில், வேறு கையெழுத்தில், சிங்களத்தில் அதே இரண்டு சொற்கள்.

மட்கார்டின் அடியைச் சுரண்டியபோது தகட்டின் குறுக்கே மெல்லிய இரண்டு நிழற்கோடுகள் ஓடின. எண்ணெய்ப் பீப்பாயின் வயிற்றில் இருக்கும் வளையங்களை அடித்து மட்டமாக்கினால் அப்படித்தான் தழும்பு மிஞ்சும்.

பழைய கார்கள் கூடும் ஓரிடத்தில், சில வருடங்களுக்கு முன்பு, ஒருவர் என் முகத்துக்கு நேரே "இது போலி" என்றார். அன்று பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். போலி என்பது ஏமாற்றுவதற்காகச் செய்வது. பீப்பாயிலிருந்தும் கதவு நிலையிலிருந்தும் ஒரு காரைப் பிறப்பித்துவிட்டு, ஏமாற்ற வேண்டிய இடத்தில் மட்டும் எழுத்து வெட்டாமல் விட்டவர்களை அந்தச் சொல்லால் தொட நான் விடமாட்டேன்.

கொலன்னாவையில் அவரைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் பிடித்தது. காரைத் திரும்பப் பூட்டி, ஓட்டிக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் நிறுத்தியதும் உள்ளேயிருந்து சாரத்தோடு வந்தவர் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நேரே காரிடம் போனார். சிங்களத்தில்தான் பேசினோம்.

"சிவப்பைப் பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் அடித்தது இதைவிடக் கறுப்புச் சிவப்பு" என்றார். பிறகுதான் என்னைப் பார்த்து, "வாங்கோ மாத்தயா" என்று தமிழில் சொன்னார்.

கதை அவருடைய வாயிலிருந்து ஒழுங்காக வரவில்லை. தேநீர் ஆறும்வரை துண்டு துண்டாக வந்தது. ஹெரால்ட் ஒரு வளைவில் புரண்டு வந்திருக்கிறது. வளைவில் வேகமாகப் போய்ப் பிரேக்கை மிதித்தால் பின் சக்கரம் உள்ளே மடங்கும் பலவீனம் அந்த அச்சுக்கு உண்டு. உடல் முழுக்க நசுங்கிவிட்டது, செசியில் கீறல் இல்லை. புதிய உடலை வெளியிலிருந்து எடுக்க வழியே கிடையாது. கையால்தான் செய்ய வேண்டும். "எப்படியும் கையால் செய்யப் போகிறோம், பிறகு ஏன் திரும்பவும் ஹெரால்டைச் செய்ய வேண்டும்?" என்று பாஸ் கேட்டாராம். உரிமையாளர் இளைஞர், நுவரெலியாவில் மஹகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயம் பார்த்து வளர்ந்தவர். சம்மதித்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், உண்மையான எம்.ஜி. ஒன்று இரவலாக வந்து நின்றிருக்கிறது. விடியலிலிருந்து இருட்டும்வரை அதன்மேல் பழுப்புத் தாளை விரித்து வளைவுகளை ஒற்றி எடுத்தார்கள். தச்சர் தமிழர். இரத்மலானை ரயில் வேலைத்தளத்தில் பெட்டிகளுக்கு மரவேலை செய்தவர். வேலை முடிந்து மாலையில் வருவார். வளைந்த சட்டத்தை எப்படி மூட்டுவது என்பது ரயில் பெட்டிகளிலிருந்து அவருக்குத் தெரியும்.

"தாளில் எல்லாம் சரி. சட்டத்தில் வைத்தால் இரண்டரை அங்குலம் கூட" என்றார் பெரியவர்.

என் உடம்பு சிலிர்த்தது. 94, தொண்ணூற்றொன்றரை.

"பொனட்டில் குறைத்தால் முகம் கெட்டுவிடும் என்றார் பாஸ். பின்னால் குறைத்தால் பெற்றோல் டாங்கி உட்காராது. கதவில் குறைத்தார்கள்."

காரில் ஏறும்போதெல்லாம் அப்பா வலது முழங்காலைக் கதவுத் தூணில் இடித்துக்கொள்வார். ஒவ்வொரு தடவையும். அந்த இடத்தில் பெயின்ட் மங்கியிருக்கிறது.

தகட்டை அடித்த விதத்தைச் சொல்லும்போது அவர் எழுந்து நின்றுவிட்டார். மணல் நிரப்பிய தோல்பை, அதன்மேல் தகடு, மேலே கொட்டாப்புளி. பாஸ் அடிக்க, பதினேழு வயதில் இவர் தகட்டைப் பிடித்துக்கொண்டு, அடிக்கு அடி ஒரு விரற்கடை நகர்த்த வேண்டும். அதிகம் நகர்த்தினால் பாஸ் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா பார்ப்பார். திட்டுவதைவிட அது மோசம். இடது மட்கார்டை இரண்டு தடவை செய்தார்கள். முதலாவது அழகாகத்தான் வந்தது, வலதோடு பொருந்தவில்லை. அதைக் கராஜ் வாசலில் கோழிக்கூட்டுக்குக் கூரையாக வைத்திருந்தார்கள்.

கடைசியில் எண்கோணத்தைக் கேட்டேன். கேட்கப் பயமாக இருந்தது. நான் கட்டிவைத்திருந்த காரணம் பொய்யாகிவிடுமோ என்று.

ஆகித்தான் போனது. எழுத்து வெட்டுவதாகத்தான் இருந்திருக்கிறது. எம்.ஜி. என்று யாரும் நினைக்கவேயில்லை. பாஸின் பெயரில் ஓர் எழுத்து, தச்சரின் பெயரில் ஓர் எழுத்து. செட்டியார் தெருவில் நகை வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்து வெட்டுவதாக ஏற்பாடு. எந்த எழுத்து முதலில் என்பதில் இரண்டு பேரும் முடிவுக்கு வரவில்லை. உன்னுடையது முன்னால் வரட்டும் என்று அவரும், இல்லை உன்னுடையது என்று இவரும். இரண்டு வாரம். அதற்குள் உரிமையாளருக்குக் கல்யாண நாள் வந்துவிட்டது. வெறும் எண்கோணத்தைப் பூட்டிக் கொடுத்தனுப்பினார்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று. கார் மலைநாட்டுக்குப் போனது. திரும்பி வரவில்லை.

"தச்சர் என்ன ஆனார்?"

"எண்பத்து மூன்றுக்குப் பிறகு ஊருக்குப் போனார். யாழ்ப்பாணப் பக்கம். பாஸ் இரண்டு கடிதம் போட்டார்."

அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. இரண்டு பேருடைய பெயரையும் எனக்குச் சொன்னார். அவர்களுடைய பிள்ளைகளைக் கண்டு கேட்காமல் அவற்றை இங்கே எழுதுவது சரியில்லை. அடுத்த மாதம் வடக்கே போகிறேன்.

புறப்படும்போது அவர் இடது மட்கார்டின் பக்கமாக மெதுவாகக் குந்தினார். கையை உள்ளே விட்டு விளிம்பைத் தடவிக்கொண்டே போய், கம்பி வளைத்துச் சொருகியிருந்த இடத்தில் விரலை நிறுத்தினார்.

"இது நான் பிடித்த பக்கம்" என்றார்.